நாற்காலியில் இருபது நிமிடம்

தெருமுனைக் கண்ணாடிக் கடையில் ஃபிரேம் தேர்ந்தெடுக்க ஒரு மணி நேரம் செலவிடுபவர்கள், கண்ணைப் பரிசோதிக்க ஐந்து நிமிடம்கூடத் தருவதில்லை. ஆனால் வேலை, படிப்பு, சில சமயம் பார்வையே அந்தப் பரிசோதனையில்தான் இருக்கிறது.

பழைய தில்லியில் சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் பல்லிமாரான் தெருவில் நடப்பவரை ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் முறைத்துப் பார்க்கின்றன. தங்க நிறக் கம்பி ஃபிரேம்கள், தடித்த கறுப்பு ஃபிரேம்கள், குழந்தைகளுக்கான சிவப்பும் நீலமும். கடைச் சுவர்களில் தரையிலிருந்து கூரை வரை இதுதான். சைக்கிள் ரிக்ஷாக்களுக்கும் செருப்புக் கடைகளுக்கும் நடுவே டஜன் கணக்கில் பேரம் நடக்கிறது. வெளியூர்க் கடைக்காரர்கள் சரக்கு எடுக்க வரும் மொத்தச் சந்தை இது.

ஒரு காலத்தில் இந்தத் தெருவின் புகழ் வேறு. யுனானி வைத்தியத்தில் பெயர் பெற்ற ஹக்கீம் அஜ்மல் கானின் குடும்ப மாளிகையான ஷரீஃப் மன்ஸில் இங்கேதான் இருக்கிறது. சில அடிகள் தள்ளி, காஸிம் ஜான் சந்தில், கவிஞர் மிர்ஸா காலிப் தன் கடைசி வருடங்களைக் கழித்த வீடு. ஹக்கீம்கள் நாடி பிடித்துப் பார்த்த தெருவில் இன்று ஃபிரேம்களும் லென்ஸ்களும் எண்ணி அடுக்கப்படுகின்றன.

இதுபோன்ற சந்தைகளிலிருந்து கிளம்பும் ஃபிரேம்கள் கடைசியில் போய்ச் சேரும் இடம் பேட்டையின் கண்ணாடிக் கடை. மருந்துக் கடைக்கும் செல்ஃபோன் கடைக்கும் நடுவில் பத்தடி அகலம். வெளியே 'கம்ப்யூட்டர் மூலம் இலவசக் கண் பரிசோதனை' என்று ஒரு போர்டு. உள்ளே கண்ணாடி அலமாரி. பின்னால் திரை போட்ட சின்ன அறை. அதில் ஒரு நாற்காலி, எதிர்ச் சுவரில் எழுத்து அட்டை.

கண்ணில் கோளாறு என்றால் இந்தியர்களில் ஏராளமானோர் முதலில் வந்து உட்காருவது கண் மருத்துவமனை நாற்காலியில் அல்ல. இந்த நாற்காலியில்தான். எனவே அதில் உட்காரும்போது என்ன நடக்கிறது, என்ன நடக்க வேண்டும் என்பது சாதாரணக் கேள்வி அல்ல.

நாற்பதில் வரும் நோட்டீஸ்

கண்ணாடிக் கடைக்கு மிக நிச்சயமான வாடிக்கையாளரை அனுப்பி வைப்பது வயது. தமிழில் வெள்ளெழுத்து, சாளேசரம் என்று சொல்வதை வட இந்தியாவில் 'சாலீஸா' என்கிறார்கள். சாலீஸ் என்றால் நாற்பது. கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ், இளமையில் இளகிய நிலையில் இருக்கும். அருகில் பார்க்கும்போது உப்பி, தூரத்தைப் பார்க்கும்போது தட்டையாகிக் கொள்ளும். பத்து வயதுச் சிறுவனால் மூக்கின் அருகே வைத்த எழுத்தைக்கூடப் படிக்க முடிவது இதனால்தான். வருடங்கள் ஏற ஏற லென்ஸ் இறுகுகிறது. நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாள் கொஞ்சம் கொஞ்சமாக விலகுகிறது. ஒரு கட்டத்தில் கை நீளம் போதவில்லை.

இது நோய் அல்ல; யாருக்கும் விதிவிலக்கும் இல்லை. பார்வை பற்றி உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட அறிக்கை, வெள்ளெழுத்து இருந்தும் அதற்குக் கண்ணாடி கிடைக்காதவர்கள் உலகில் சுமார் 82.6 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது.

படிக்காதவர்களுக்கு வெள்ளெழுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் உண்டு. அரிசியில் கல் பொறுக்குவது, ஊசியில் நூல் கோப்பது, மாத்திரை அட்டையில் தேதி பார்ப்பது, ரூபாய் நோட்டை அடையாளம் காண்பது எல்லாமே கிட்டப் பார்வை வேலைகள்தான். தையல்காரர், நகை ஆசாரி, நெசவாளர், ஜரிகை வேலை செய்யும் பெண், வாட்ச் ரிப்பேர் செய்பவர் ஆகியோருக்கு நாற்பது வயது என்பது தொழில் கைக்கு முழுசாக வந்திருக்கும் காலம். கை தேர்ந்த நேரத்தில் கண் மங்குகிறது.

இந்த நஷ்டத்தைக் கிலோ கணக்கில் அளந்து காட்டியது அசாம் தேயிலைத் தோட்டங்களில் நடந்த ஓர் ஆய்வு. நாற்பதும் அதற்கு மேலும் வயதான 751 தொழிலாளர்கள் அதில் பங்கேற்றார்கள். பெரும்பாலோர் பெண்கள். எல்லோருக்கும் கிட்டப் பார்வை மங்கியிருந்தது. ஒரு பிரிவினருக்கு உடனே இலவசக் கண்ணாடி தரப்பட்டது; மற்றவர்களுக்கு ஆய்வு முடிந்த பிறகு. 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியான முடிவு இது: கண்ணாடி அணிந்தவர்கள் ஒரு நாளில் பறித்த தேயிலை சுமார் 25 கிலோவிலிருந்து 35 கிலோவுக்கு அருகே உயர்ந்தது. பருவம் நன்றாக இருந்ததால் கண்ணாடி இல்லாதவர்களும் கூடுதலாகப் பறித்தார்கள். ஆனால் அவர்கள் 31 கிலோவைத் தொடவில்லை. இந்த வித்தியாசங்களை எல்லாம் கழித்துப் பார்த்தபோது கண்ணாடி தந்த லாபம் சுமார் 22 சதவிகிதம். தேயிலை பறிப்பதற்கு எழுத்தறிவு தேவையில்லை. கொழுந்து எது, முற்றிய இலை எது என்று கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

அங்கே தரப்பட்டவை எளிய கிட்டப் பார்வைக் கண்ணாடிகள்தான். நடைபாதையில் ஓரிரு நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ரெடிமேட் ரகத்தின் உறவினர்கள். அப்படியானால் பரிசோதனையே வேண்டாம், நடைபாதையிலேயே வாங்கிவிடலாமே? இரண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்து, தூரப் பார்வை பழுதில்லாமல், வேறு கோளாறும் இல்லாதவருக்கு ரெடிமேட் கண்ணாடியால் தீங்கில்லை. ஆனால் தான் அந்த ரகம்தானா என்பது நாற்காலியில் உட்கார்ந்து பார்க்காமல் தெரியாது.

இருட்டறையில் நடப்பது

எதிர்ச் சுவரில் இருக்கும் எழுத்து அட்டைக்கு வயது 160-க்கு மேல். நெதர்லாந்து கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் 1862-ல் வடிவமைத்தது. உச்சியில் இருக்கும் பெரிய எழுத்தை நல்ல பார்வை உள்ளவர் 60 மீட்டர் தொலைவிலிருந்தே படித்துவிடுவார். அதை 6 மீட்டரில் மட்டுமே படிக்க முடிகிறவரின் பார்வை 6/60. கீழே, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைந்த உயரமுள்ள எழுத்துகளை 6 மீட்டரில் படித்தால் 6/6. பத்தடிக் கடையில் 6 மீட்டருக்கு எங்கே போவது? அதனால்தான் பல கடைகளில் அட்டை நாற்காலிக்குப் பின்னால் தொங்க, எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி மாட்டியிருக்கிறது. மூன்று மீட்டர் அறை பிம்பத்தில் ஆறாகிவிடுகிறது. இந்தி, வங்காளி, தமிழ் எழுத்துகளிலும் அட்டைகள் உண்டு. படிக்காதவர்களுக்குப் பல திசைகளில் திரும்பி நிற்கும் ஆங்கில 'ஈ' எழுத்து. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் காட்டினால் போதும்.

முறையான பரிசோதனை எழுத்து அட்டையில் தொடங்குவதில்லை, பேச்சில் தொடங்குகிறது. என்ன வேலை, எவ்வளவு தூரத்தில் பார்த்துச் செய்வது, தலைவலி உண்டா, சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா? பிறகு ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியாக மூடிப் பார்க்கிறார்கள். அடுத்து ரெட்டினாஸ்கோப். ஒரு கோடு போன்ற வெளிச்சத்தைப் பாப்பாவுக்குள் அடித்து, உள்ளிருந்து திரும்பி வரும் செந்நிற ஒளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்ப்பது. வெளிச்சத்தோடு சேர்ந்து நகர்ந்தால் பிளஸ் லென்ஸ், எதிர்த்து நகர்ந்தால் மைனஸ் லென்ஸ் வைத்து அந்த நகர்வை நிறுத்துகிறார்கள். வாய் திறக்காத கைக்குழந்தையின் பவரைக்கூட இந்தக் கருவியால் கணித்துவிடலாம்.

கடைசியில்தான் வட்டமான ட்ரையல் ஃபிரேமை மாட்டி, லென்ஸ்களை மாற்றி மாற்றி, 'இது தெளிவா, அது தெளிவா' என்ற கேள்வி வருகிறது. பலர் இதைப் பரீட்சை என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தடுமாறுகிறார்கள். இதில் தவறான விடை கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி தெரிகிறது என்பதும் ஒரு விடைதான். சொல்லப்போனால், பரிசோதகர் தேடிக்கொண்டிருப்பதே அந்த விடையைத்தான்.

மெஷின் சீட்டு போதுமா?

'கம்ப்யூட்டர் பரிசோதனை' என்று போர்டில் இருப்பது ஆட்டோரிஃப்ராக்டர் என்ற இயந்திரம். தாடையை வைத்து, உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால் சில நொடிகளில் சீட்டு வந்து விழும். வேகமானது, உபயோகமானதுதான். ஆனால் அது தருவது தொடக்கப் புள்ளி மட்டுமே. அந்த எண்ணை அப்படியே லென்ஸாக வெட்டிக் கொடுப்பது, தையல்காரர் ஒரே ஓர் அளவை எடுத்துக்கொண்டு முழுச் சட்டை தைப்பதற்குச் சமம்.

குழந்தைகள் விஷயத்தில் இது ஆபத்தாகவே முடியலாம். சிறுவர்களின் கண் லென்ஸ் நினைத்த மாத்திரத்தில் உப்பக்கூடியது. இயந்திரத்துக்குள் பார்க்கும்போது கண் தன்னையறியாமல் அருகில் குவிந்துவிட்டால், இல்லாத மைனஸ் பவர் இருப்பதாகச் சீட்டு சொல்லும். அதனால்தான் கண் மருத்துவர்கள் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் குவிக்கும் சக்தியைத் தற்காலிகமாக நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கிறார்கள். சில மணி நேரம், மருந்தைப் பொறுத்துச் சில நாட்கள்கூடப் பையன் படிக்கச் சிரமப்படுவான். அந்தத் தொல்லைக்கு அஞ்சி சொட்டு மருந்தைத் தவிர்த்தால், தேவையில்லாத கண்ணாடியோடு பல வருடங்கள் திரிய நேரலாம்.

குழந்தைகளிடம் இன்னொரு சிக்கல்: அவர்கள் புகார் சொல்வதில்லை. உலகமே இப்படித்தான் மங்கலாக இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஒரு கண் நன்றாக இருந்து மற்றொன்று மோசமாக இருந்தால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. மூளை மங்கலான கண்ணை ஒதுக்கிவிடும். 'சோம்பேறிக் கண்' என்று சொல்லப்படும் இந்த நிலையை ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் திருத்துவது எளிது. வயது ஏற ஏறக் கடினம்.

தில்லிப் பள்ளிகளில் 9,884 குழந்தைகளைப் பரிசோதித்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வு, 13.1 சதவிகிதத்தினருக்குக் கிட்டப் பார்வைக் கோளாறு, அதாவது தூரத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும் மைனஸ் பவர், இருப்பதாகக் கண்டது. திறந்தவெளியில் அதிகம் விளையாடும் குழந்தைகளுக்கு இது குறைவாக இருந்தது. பகல் வெளிச்சத்தில் தினமும் இரண்டு மணி நேரமாவது வெளியில் இருப்பது நல்லது என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவதற்குப் பின்னணி இதுபோன்ற ஆய்வுகள்தான்.

வந்த கண்ணாடியை அணியவைப்பது அடுத்த போராட்டம். வடக்கே 'சஷ்மிஷ்', தெற்கே 'சோடாபுட்டி' என்று வகுப்பில் பட்டப்பெயர் காத்திருக்கிறது. கண்ணாடி போட்டால் பவர் ஏறும் என்ற நம்பிக்கை வீட்டில் காத்திருக்கிறது. உண்மையில் உடல் வளரும்போது கண்ணும் வளர்கிறது. பவர் அதனால் ஏறுகிறது. கண்ணாடியால் அல்ல. பெண் குழந்தை என்றால் கல்யாணச் சந்தை பயம் வேறு சேர்ந்து, கண்ணாடி பெட்டிக்குள்ளேயே இருந்துவிடுகிறது. கரும்பலகை தெரியாத பெண்ணுக்கு மக்கு என்ற பெயர் கிடைக்கிறது.

மில்லிமீட்டர் கணக்கு

பவர் சரியாக எழுதப்பட்டும் கண்ணாடி தப்பாகலாம். காரணம், பி.டி. என்று கடைக்காரர்கள் சொல்லும் அளவு. இரண்டு கண்மணிகளின் மையங்களுக்கு இடையிலுள்ள தூரம் அது. லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக அமைந்தால்தான் ஒளி வளையாமல் உள்ளே போகும். விலகினால் லென்ஸ் ஒரு பட்டகம் போல வேலை செய்து பிம்பத்தை நகர்த்தும். நான்கு பவர் லென்ஸ் ஜோடியில் மொத்தம் 5 மில்லிமீட்டர் தவறினால், ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளின் இரு பிம்பங்களும் 2 சென்டிமீட்டர் விலகும். அதைச் சேர்த்துப் பார்க்கக் கண் தசைகள் நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மாலையில் தலைவலி. புதுக் கண்ணாடி பழக ஒரு வாரம் ஆகும் என்ற சமாதானத்தில் பல தவறுகள் மறைந்துபோகின்றன.

பழகச் சில நாட்கள் ஆவது உண்மைதான். முக்கியமாகச் சிலிண்டர் பவர் மாறும்போது தரை சாய்ந்தாற்போலத் தெரியும். தூரத்துக்கும் படிப்பதற்குமான பவர் ஒரே லென்ஸில் கோடில்லாமல் இறங்கும் புரோக்ரஸிவ் வகையில் ஓரங்கள் நெளியும். ஆனால் இரண்டு வாரம் கழிந்தும் தலைவலி தீரவில்லை என்றால் பழக வேண்டியது கண் அல்ல. சரிபார்க்கப்பட வேண்டியது கண்ணாடி. புரோக்ரஸிவ் லென்ஸில் பி.டி.யோடு, ஃபிரேமில் கண்மணி நிற்கும் உயரத்தையும் அளந்தாக வேண்டும். ஃபிரேமை முகத்தில் மாட்டி, எதிரே உட்கார்ந்து, பேனாவால் புள்ளி வைக்கும் பழைய கடைக்காரரின் கைவேலைக்கு இன்னும் மதிப்பிருப்பது இதனால்தான்.

பவர் பார்ப்பது வேறு, கண் பார்ப்பது வேறு

அறுபத்தைந்து வயதுத் தாத்தா ஒரு நாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வெறுங்கண்ணால் பேப்பர் படிக்கிறார். போன பார்வை திரும்பிவிட்டது என்று வீடே மகிழ்கிறது. உண்மையில் அது பெரும்பாலும் கண்புரையின் அறிவிப்பு. லென்ஸின் மையப் பகுதி இறுகி அடர்ந்து, கண்ணை மைனஸ் பக்கம் தள்ளுகிறது. கிட்டத்தில் தெளிவு கிடைக்கிறது, தூரம் மங்குகிறது. கொஞ்ச நாளில் இரண்டும் போய்விடும். இந்த நிலையில் கடைக்குப் போனால் ஒவ்வொரு ஆறு மாதத்துக்கும் புதிய பவர் எழுதி, புதிய கண்ணாடி விற்க முடியும். அவருக்குத் தேவையானது கண்ணாடி அல்ல, அறுவை சிகிச்சை. இந்தியாவில் 2015-2019 காலத்தில் நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையிழப்புக்கு 66.2 சதவிகிதக் காரணம் கண்புரைதான் என்று தெரிந்தது. திரும்பப் பெறக்கூடிய பார்வை அது.

சர்க்கரை நோயாளி இன்னொரு சோதனை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் லென்ஸும் நீரை உறிஞ்சி வடிவம் மாறுகிறது. சில வாரங்களில் பவர் தாவுகிறது. விவரம் தெரிந்த பரிசோதகர் உடனே கண்ணாடி செய்து கொடுக்க மாட்டார். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு வரச் சொல்வார். விழித்திரையை மருத்துவரிடம் காட்டும்படி அனுப்புவார். அன்றைய வியாபாரம் அவருக்கு நஷ்டம். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆதரவு பெற்ற ஆய்வு மதிப்பிட்டிருப்பதை நினைத்தால், இந்தச் சின்ன நேர்மையின் மதிப்பு புரியும்.

எல்லாவற்றிலும் மோசமானது கிளாக்கோமா என்ற கண் நீர் அழுத்த நோய். பெரும்பாலும் வலி கிடையாது. எழுத்து அட்டையில் கடைசி வரிவரை படிக்க முடியும். பார்வை ஓரங்களிலிருந்து மெல்லத் தின்னப்படுகிறது. பக்கத்தில் வரும் ஸ்கூட்டர் தெரியவில்லை, படியில் கால் தவறுகிறது என்று உணரும்போது நரம்பு வெகுவாக அழிந்திருக்கும். இழந்தது திரும்பாது. இந்தியாவில் சுமார் 1.2 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்பது கண் மருத்துவர்களின் மதிப்பீடு. மக்கள்தொகை ஆய்வுகளில் நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அதுவரை அது தெரியவே தெரியாது.

இவர்களில் பலர் நாற்பது வயதில் வெள்ளெழுத்துக் கண்ணாடிக்காக ஏதோ ஒரு கடைப் படி ஏறியிருப்பார்கள். கண் அழுத்தம் அளந்து, கண் நரம்பைப் பார்க்க அதுவே சரியான தருணம். பிளஸ் ஒன்று எழுதி, ஃபிரேம் பொருத்தி அனுப்பியதோடு அந்தத் தருணம் போய்விடுகிறது. வாடிக்கையாளரோ 'கண் பார்த்தாகிவிட்டது' என்ற நிம்மதியில் அடுத்த ஐந்து வருடம் எட்டிப் பார்ப்பதில்லை. தவறான பவரைவிடப் பெரிய நஷ்டம் இந்த நிம்மதி.

கவுன்ட்டருக்குப் பின்னால் யார்?

வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் எல்லோரும் டாக்டர் அல்ல. கண் மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து, கண் மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தவர். மருந்து, அறுவை சிகிச்சை அவர் பொறுப்பு. ஆப்டோமெட்ரிஸ்ட், பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதவும், நோய் அறிகுறிகளை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்பவும் பயிற்சி பெற்றவர். ஆப்டிஷியன், எழுதிய பவருக்கு லென்ஸும் ஃபிரேமும் பொருத்தித் தருபவர். பேட்டைக் கடையில் இந்தக் கோடுகள் கலைந்துவிடுகின்றன. அப்பாவிடம் தொழில் கற்ற மகன், வேலை பார்த்துப் பழகிய பையன், பட்டம் பெற்ற ஆப்டோமெட்ரிஸ்ட் எல்லோரும் ஒரே மாதிரி அறையில், ஒரே மாதிரி நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள்.

இந்தியாவில் ஆப்டோமெட்ரிக்கான முதல் பயிற்சிப் பள்ளிகள் 1958-ல் அலிகர் காந்தி கண் மருத்துவமனையிலும் ஹைதராபாத் சரோஜினி தேவி கண் மருத்துவமனையிலும் தொடங்கின. நான்கு வருடப் பட்டப் படிப்பு 1985-ல் சென்னையில், சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரியில் வந்தது. பட்டதாரிகள் வந்தார்கள், ஆனால் டாக்டருக்கும் நர்ஸுக்கும் இருப்பதுபோல் இவர்களுக்குத் தேசிய அளவில் சட்டபூர்வமான பதிவேடு இல்லை. 2021 மார்ச்சில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம்தான் ஆப்டோமெட்ரிஸ்ட்டை அங்கீகரிக்கப்பட்ட தொழில்முறையாளராகப் பட்டியலில் சேர்த்து, கல்வித் தகுதிக்கும் பதிவுக்கும் வழி செய்தது. சட்டம் தில்லியில் இயற்றப்பட்டாலும் அதன் பலன் பேட்டைக் கடையின் திரைக்குப் பின்னால் வந்து சேர வேண்டும்.

கிராமங்களுக்கு வேறு வழி கண்டவர்களும் இருக்கிறார்கள். 1987-ல் ஹைதராபாத்தில் தொடங்கிய எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையம், கிராமத்து இளைஞர்களுக்கு ஒரு வருடப் பயிற்சி கொடுத்து, சுமார் 50,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் பார்வை மையங்களை அமைத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 2004 முதல் தொடங்கிய மையங்களில், உள்ளூரில் பரிசோதனை நடக்க, நகரத்து மருத்துவர் இணையம் வழியே நோயாளியோடு பேசுகிறார். இரண்டிலும் அடிப்படை ஒன்றுதான்: கண்ணாடிக்காக வருபவரின் கண்ணையும் பார்த்துவிடுவது.

இலவசத்தின் விலை

நகரங்களில் வியாபாரத்தின் முகம் மாறிவிட்டது. 1877-ல் தொடங்கிய லாரன்ஸ் அண்ட் மேயோ போன்ற பழைய பெயர்களோடு, 2007-ல் கண்ணாடிக் கடைகள் திறந்த டைட்டன், 2010-ல் பிறந்த லென்ஸ்கார்ட் போன்ற நிறுவனங்களும் போட்டியில் இறங்கின. விலைப் பட்டியல் தெரிகிறது, ஃபிரேமைத் தொட்டுப் பார்க்க முடிகிறது, வீட்டுக்கே வந்து பரிசோதிக்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் கண்ணாடிகள் மீதான ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்ததும் வாங்குபவருக்கு லாபம்.

ஆனால் தொழிலின் அடிப்படைக் கணக்கு மாறவில்லை. சிறு கடையோ பெரிய நிறுவனமோ, வருமானம் ஃபிரேமிலும் லென்ஸிலும் இருக்கிறது, பரிசோதனையில் இல்லை. இலவசமாகத் தரப்படும் வேலைக்கு யாரும் இருபது நிமிடம் ஒதுக்க விரும்புவதில்லை. 'உங்களுக்குக் கண்ணாடியே தேவையில்லை' என்று சொல்பவர் வெறுங்கையோடு நிற்கிறார். பரிசோதனைக்குக் கட்டணம் கேட்கும் கடையைப் பார்த்து முகம் சுளிக்கும் வாடிக்கையாளர், அந்தப் பணத்தை லென்ஸின் மேல்பூச்சுக்குக் கேள்வி கேட்காமல் கொடுக்கிறார்.

எல்லாக் குற்றமும் கடைக்காரர் மேல் இல்லை. பேட்டைக் கடைக்காரருக்கு வாடிக்கையாளரின் முகம் தெரியும். பத்து வருடத்துப் பவர் நோட்டில் இருக்கும். மூக்குத்தாங்கி உடைந்தால் காசு வாங்காமல் மாற்றுவார். பவர் ஏன் இவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சந்தேகப்பட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்பவரும் அவர்தான். தகுதியும் அந்தப் பழக்கமும் ஒரே ஆளிடம் சேர்ந்தால், ஒரு பேட்டைக்கு அதைவிட நல்ல காவல் கிடையாது.

கண்ணாடி தயாரானதும் எந்தக் கடையிலும் அடிக்கடி காணக்கூடிய காட்சி ஒன்று உண்டு. வெள்ளெழுத்துக்காரர் முதல்முறை கண்ணாடியை மாட்டியதும் கடைக்காரர் நீட்டும் அச்சடித்த அட்டையைப் பார்ப்பதில்லை. தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்க்கிறார். ரேகைகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. விரல் நுனியில் ஊசி குத்திய தழும்புகள் தெரிகின்றன. அதன் பிறகுதான் எவ்வளவு ஆயிற்று என்று கேட்கிறார்.

நாற்காலியில் உட்காரும் முன்

• பரிசோதிப்பவர் ஆப்டோமெட்ரிஸ்ட்டா, என்ன படித்திருக்கிறார் என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

• பழைய கண்ணாடியையும் பழைய சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். சாப்பிடும் மருந்துகளைச் சொல்லுங்கள்.

• கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் பரிசோதனைக்கு எவ்வளவு நேரம் முன்பே அதைக் கழற்ற வேண்டும் என்று முன்கூட்டிக் கேளுங்கள்.

• எந்த வேலைக்குக் கண்ணாடி என்று சொல்லுங்கள். தையல் மெஷினின் தூரம் வேறு, கம்ப்யூட்டரின் தூரம் வேறு.

• ட்ரையல் ஃபிரேமோடு எழுந்து நடந்து பாருங்கள். தெருவையும் ஒரு பேப்பரையும் பாருங்கள்.

• சீட்டைக் கேட்டு வாங்குங்கள். எஸ்.பி.எச். என்பது அடிப்படைப் பவர், சி.ஒய்.எல்., ஆக்ஸிஸ் இரண்டும் சிலிண்டர் பவரும் அதன் கோணமும். ஆட் என்பது படிப்பதற்கான கூடுதல். பி.டி.யையும் எழுதச் சொல்லுங்கள்.

• நாற்பது தாண்டியவர்களும், வீட்டில் கிளாக்கோமா உள்ளவர்களும் கண் அழுத்தத்தையும் கண் நரம்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கடையில் வசதியில்லை என்றால் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகள் வருடம் ஒருமுறை விழித்திரையைக் காட்டுங்கள்.

• குழந்தையின் ஒரு கண்ணை மூடி, காலண்டரைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். செலவில்லாத பரிசோதனை.

• திடீரென்று பார்வை மங்குதல், மின்னல் போன்ற ஒளி, திரை விழுந்தாற்போல் மறைதல், வலியோடு சிவத்தல் ஆகியவற்றுக்குக் கண்ணாடிக் கடை இடமல்ல. அன்றே கண் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.